சமையலறைத் தரை

காலையில் ஜெயராம் முதலில் பால்கனிக் கதவைத் திறப்பான். பிறகு வாசல் கதவில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பான். இரண்டு பேருக்கு வந்துகொண்டிருந்த அதே அளவுதான் இன்னும் வந்தது. பால்காரரிடம் மாற்றிச் சொல்லவில்லை. மிச்சமாகும் பாலை மறுநாள் தொட்டியில் கொட்டிவிடுவான். காபி ஃபில்டர் கவிழ்த்தது கவிழ்த்தபடி கிடந்தது. தூளைக் கலக்கிக் குடித்தால் போதும். இரண்டு துண்டு பிரெட், எலுமிச்சை ஊறுகாய். கிரைண்டர் மேல் பழைய துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. அடுப்பு மேடையின் ஓரத்தில், வழிந்து காய்ந்த வெள்ளைக் கறை. தினமும் மேடையைத் துடைப்பான். அந்த இடம் வரை துடைத்துவிட்டுத் துணியை மடித்துப் போடுவான்.

மனைவி நீரஜா போய் ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் முடிந்து, பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. டெங்கு. யாராவது கேட்டால் அந்த ஒரு சொல்லைச் சொல்வான். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அவன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் எஞ்சினியர். அலுவலகம் போகும் முன் அடையாறிலிருந்து பைக்கில் மயிலாப்பூர் போய், மாமனார் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். பாலம் தாண்டினால் மந்தைவெளியில் மெட்ரோக்காரர்கள் தகரம் அடைத்திருப்பார்கள். தகரத்துக்குப் பின்னால் மண் மலையாகக் குவிந்திருக்கும். சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றிக்கொண்டு போவான்.

வீடு என்றால் இப்போது தூண்கள், கூரை, பூசாத சுவர். நீரஜா பிறந்து வளர்ந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டினார்கள். பிளானை அவன்தான் போட்டான். அவன் கோடு இழுப்பான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழிக்கச் சொல்வாள். சமையலறை கிழக்கே தள்ளி, வெளிச்சமாக இருக்க வேண்டும் என்றாள். தள்ளினான். கொல்லையில் இருந்த உறைகிணறு சமையலறைக்குள் வந்துவிட்டது. மனை அவ்வளவுதான். கிணற்றைத் தூர்ப்பது என்று அப்போதே பேசி முடிவானது. பிறகு அவள் இல்லை. வேலை நிற்கவில்லை, நடந்தது.

அன்று தரை கான்கிரீட். கிராவல் மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, நனைத்து, மெஷினால் இடித்து, அதன் மேல் அடுத்த சாண் என்று எல்லா அறைகளையும் நிரப்பியிருந்தார்கள். கடைசியாக ஓரங்களில் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இறங்குகிற மண் இப்போதே இறங்கிவிடட்டும் என்பதற்காக. தண்ணீர் நின்று, மெல்ல ஊறி, மண் அசையாமல் இருந்தால் மேலே கான்கிரீட் போடலாம்.

முத்துமாரி ஹோஸைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். சித்தாள், கொட்டிவாக்கத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன். போகாத நாளில் குடிக்கிறவன்.

"வா சார். உங்க மாமனாரு வூட்டுச் சமையல் ரூமு இன்னா குடி குடிக்குது தெரியுமா? எங்கூட்டுக்காரன் இதுங்கிட்ட கை கட்டி நிக்கணும்."

"மத்த ரூமுக்கு விட்டியா?"

"ஹாலுக்கு வுட்டேன், ரொம்பிக்கினு நின்னுச்சு. பெட்ரூமுக்கு வுட்டேன், நின்னுச்சு. இங்க வுட்டா வுட்ட எடம் தெரியல. மோட்டாரு சூடாயி நாத்தமடிக்குது சார்."

ஜெயராம் பார்த்தான். சுவருக்கு இரண்டடி உள்ளே தண்ணீர் லேசாகச் சுழித்தது. மேலே மிதந்த மரத்தூள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குப் போனது. 'களக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஈர மண் மட்டும் இருந்தது.

என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடியில் மண் போய்ப் பொள்ளல் விழுந்திருக்கிறது. இன்று கான்கிரீட் போட்டால் இன்று ஒன்றும் ஆகாது. இந்தக் கோடையிலும் ஒன்றும் ஆகாது. மழை வந்து, நிலத்தடித் தண்ணீர் ஏறி, மறுபடி இறங்கும்போது டைல்ஸில் ஒரு விரிசல் விழும். அடுத்த மழைக்குப் பிறகு சிங்க் மேடை சுவரை விட்டு விலகும். அப்புறம் ஒரு நாள் தரை. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தான். வேறு யாரோ கட்டும் வேறு ஏதோ வீடு போல இருந்தது. சரி, போடு என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில்கூட ஒன்றும் இல்லை.

மேஸ்திரி மண்ணாங்கட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"கலவை மெஷினு மந்தவெளி தாண்டி வந்துகினு கீதாம் சார். ஜல்லி, மணலு, சிமிட்டி அல்லாம் ரெடி. ஊத்திடலாமா?"

ஜெயராம் வாயைத் திறந்தான். "கம்பி எடு" என்றான்.

"கம்பி இன்னாத்துக்கு சார்?"

"எடு."

மண்ணாங்கட்டி ஒரு நீளக் கம்பியைக் கொண்டுவந்தான். ஹாலில் தோள் உயரத்துக்குத் தூக்கிச் செங்குத்தாக விட்டான். விரல்கடை இறங்கி நங்கென்று நின்றது. சமையலறைக்கு வந்து அதே உயரத்தில் விட்டான். முழங்கால் அளவு போய் நின்றது. கையை எடுத்த பின்னும் தானாக இன்னும் கொஞ்சம் இறங்கியது.

முத்துமாரி மோட்டாரை நிறுத்தினாள்.

"உள்ள என்ன வெச்சீங்க?" என்றான் ஜெயராம்.

மேஸ்திரி முத்துமாரியைப் பார்த்தான். முத்துமாரி ஹோஸைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அவள ஏன் பாக்கறே? சொல்லு."

"பெரியவரு சொன்னாரு சார். கெணறு தூத்த அன்னிக்கு நீ இல்ல. அய்யரு வச்சி மாசா மாசம் இன்னாவோ செய்வியே, அதுக்குப் போய்ட்டே. பெரியவரு கிட்ட நின்னுகினு, பைப்பு வச்சி மூடு, கெணறு மூச்சு உடணும்னாரு. எல்லா வூட்லயும் வக்கிறதுதான சார்? தரைக்கு மேல நீட்டிக்கினு இருந்தா டைல்ஸு போட முடியாதேன்னு கீயவே அறுத்து, மூடியப் போட்டு, சாக்கச் சுத்தி வுட்டோம்."

"பைப்புல ஓட்டை போட்டியா?"

"ஓட்ட இல்லாம எப்படி சார் மூச்சு உடும்?"

கொல்லையில் திறந்த வெளியில் இருந்தால் அந்தப் பைப்பால் கெடுதல் எதுவும் இல்லை. ஊரில் பாதிக் கிணறுகள் அப்படித்தான் மூடியிருக்கின்றன. அறைக்குள் அப்படியில்லை. பைப்பை உடைத்துவிடுவோமோ என்று பயந்து இடிக்கிற மெஷினை அதன் அருகில் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். சுற்றிலும் மண் தளர்ந்தே கிடந்திருக்கும். நனைக்க நனைக்க மணல் தண்ணீரோடு ஓட்டை வழியே பைப்புக்குள் போய், கிணற்றின் அடிக்கு இறங்கியிருக்கும். மனைவிக்கு மாசிகம் செய்ய அவன் போன நாளில், மகளுக்காக மாமனார் செய்தது.

"இன்னா சார் யோசனை? மேல கம்பி கட்டித் தட்டு ஊத்திடுவோம், ஒண்ணும் ஆவாது. நான் எத்தினி கெணறு தூத்துகீறேன்."

"தூத்த கிணத்து மேல கட்டின வீட்டுக்கு எப்பவாவது திரும்பிப் போய்ப் பாத்திருக்கியா?"

"வெத்தல பாக்கு வச்சி எவன் சார் கூப்புடுவான்?"

"கூப்புடுவாங்க நைனா, ஒதைக்கிறதுக்கு" என்றாள் முத்துமாரி. மேஸ்திரி அவளை முறைத்தான். "மண்ணாங்கட்டின்னு பேரு வச்சிக்கினு மண்ண இப்படி வுட்டுட்டியே" என்று அவள் முணுமுணுத்தபடி வெளியே போனாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. மாமனார் வெங்கடரமணன் துணிப்பையோடு இறங்கினார். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். வீட்டு வேலை முடியும் வரை அவரும் மாமியும் அசோக் நகரில் வாடகைக்கு இருந்தார்கள். தினமும் இந்த நேரத்துக்கு வந்து, வெயில் ஏறும் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"மாப்ளே, மாமி உங்களுக்கு இட்லி குடுத்தனுப்பியிருக்கா. மொளகாப் பொடி தடவி. ஆறிடப் போறது, சாப்ட்டுடுங்கோ." பையை நீட்டினார். ஜெயராம் வாங்கி செங்கல் அடுக்கின் மேல் வைத்தான்.

"மாமா, கிணத்துல பைப் வெச்சிருக்கேளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெச்சேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா வேண்டாம்பேள்."

"ஆமாம்."

"அதான் சொல்லலை."

"அத எடுக்கணும் மாமா. அடியில மண்ணு போயிண்டிருக்கு. கம்பி எவ்ளோ எறங்கறது பாருங்கோ."

அவர் கம்பியைப் பார்க்கவில்லை. "நீங்க நன்னா இடிக்கச் சொல்லுங்கோ. மேல கான்கிரீட் வரப் போறதோல்லியோ?"

"இது ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் வெக்கற எடம். மாமி நிக்கற எடம். எறங்கிடும்."

"எப்போ?"

"ரெண்டு மழை. மூணு மழை."

"இன்னிக்கு இல்லியே?"

"இன்னிக்கு இல்லை."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

"மாமி இருப்பாளே."

 வெங்கடரமணன் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்லை மாப்ளே. ஸ்கூல்ல டூர் போனா எல்லாக் கொழந்தையும் கேக்கும், இவ கேக்க மாட்டா. கல்யாணத்துக்குப் பொடவை எடுக்கப் போனா, போறும்ப்பா போறும்ப்பாம்பா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில எங் கையப் பிடிச்சுண்டு, 'கிணத்த மூடாதேப்பா, மூச்சு முட்டும்'னா. அதுதான் அவ கடைசி வார்த்தை. நான் மூடிட்டேன். ஒரு பைப்பு வெச்சேன். அதையும் பிடுங்கணும்ங்கறேள்."

அவர் உரக்கப் பேசவில்லை. மண்ணாங்கட்டி மெல்ல நகர்ந்து ஹாலுக்குப் போனான்.

இந்தப் பேச்சை ஜெயராம் பலமுறை கேட்டிருந்தான். பதின்மூன்றாம் நாள் வந்தவர்களிடம் மாமி சொன்னாள். அமெரிக்காவிலிருந்து பேசிய சித்தியிடம் மாமா சொன்னார். கடைசியா கிணத்தப் பத்திதான் பேசினா. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அது பொய் இல்லை. அவள் அப்படிச் சொன்னது நிஜம். அரை மயக்கத்தில், கண்ணை மூடியபடி. அதற்குப் பிறகு டாக்டர் வந்து, இங்கே இத்தனை பேர் நிற்க வேண்டாம் என்றார். பெரியவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அவன் மட்டும் இருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அது கடைசி இல்லை மாமா" என்றான்.

"என்னது?"

"நீங்க கெளம்பினப்பறம் பேசினா. எங்கிட்ட."

வாசலில் கலவை மெஷின் வந்து நின்றது. அதை இழுத்து வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். யாரும் போகவில்லை.

"பைப்ப எடுக்கறதுக்காகச் சொல்றேள்."

"இல்லை."

"கிணத்தப் பத்தியா?"

"இல்லை."

"எங்களப் பத்தி ஏதாவது..."

"இல்லை மாமா."

"பின்னே உங்களப் பத்தியா?"

ஜெயராம் ஈர மண்ணில் குத்தி நின்ற கம்பியைப் பார்த்தான். "இல்லை" என்றான்.

வெங்கடரமணன் அவன் முகத்தையே பார்த்தார். வகுப்பில் ஒரு பையன் சொன்னது நிஜமா பொய்யா என்று பார்க்கும் வாத்தியாரின் பார்வை. வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். ஹாலில் நின்று, திரும்பாமல், "மேஸ்திரி, மாப்ளே சொல்றதச் செய்யுங்கோ" என்றார்.

கலவை மெஷின்காரன் சண்டை பிடித்தான். "வான்னு சொல்லுவே, வந்தா போன்னு சொல்லுவே. இன்னா சார் பேஜாரு இது?" நாளைக்குத்தான் என்றான் ஜெயராம். ஆபீசுக்கு போன் செய்து இன்று வர முடியாது என்றான். காரணம் கேட்டார்கள். மண் வேலை என்றான்.

தோண்டினார்கள். கடப்பாரை முதலில் இறுகிய கிராவலில் மோதிச் சத்தம் போட்டது. அதற்குக் கீழே சத்தம் நின்றுவிட்டது. கிணற்றின் வட்டம் தெரிந்ததும், விளிம்புக்கு வெளியே பலகை போட்டு அதில் நின்று வேலை செய்யச் சொன்னான் ஜெயராம். மண்ணாங்கட்டியின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினான். "இன்னா சார், மாடு மேரி கட்றே" என்றான் மேஸ்திரி. "புல்லு போடு சார், பால் கறக்கும்" என்றாள் முத்துமாரி, மண் சட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே.

சாக்கு வந்தது. அதற்குள் மூடி. பைப்பைச் சுற்றி ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு வெறும் பொந்து. டார்ச் அடித்தால் கீழே ஈர மணலும் உறையின் சிவப்பும் தெரிந்தன. மண்ணாங்கட்டி எட்டிப் பார்த்தான். பிறகு, "இது மேலயா சார் தட்டு ஊத்த இருந்தேன்?" என்றான்.

பைப்பை ஆட்டி ஆட்டி இழுத்தார்கள். வர மறுத்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தபோது நழுவி வெளியே வந்து கூரையில் இடித்தது. ஓட்டைகளிலிருந்து மணலும் தண்ணீரும் ஒழுகின. வெங்கடரமணன் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. கதவு வைக்காத சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பைப்பைக் கொண்டுபோய் வெளியே போட வழி விட்டு ஒதுங்கினார்.

பிறகு மணல். பழைய தண்ணீர் மட்டம் வரைக்கும் மணலைக் கொட்டிக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். கொட்டிய மணல் இறங்கும், மறுபடி கொட்டுவார்கள். இறங்காமல் நின்ற பிறகு கிராவல். ஒரு சாண் மண், ஒரு நனைப்பு. ஜெயராம் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் இறுக்கினான். கையைத் திறந்தால் உருண்டையாக நின்றது. கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தது. இந்தப் பதம் போதும் என்றான். மெஷின் குதித்துக் குதித்து வட்டம் போட்டது. சமையலறைச் சுவரெல்லாம் அதிர்ந்தது. மெஷின் போக முடியாத உறை ஓரத்திலும் சுவர் மூலையிலும் மண்ணாங்கட்டி திமிசுக் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டான். தூக்கும்போது ஒரு 'ஹ', போடும்போது ஒரு 'ம்'. வெயில் ஏறியது. தெருவில் தர்பூசணி வண்டிக்காரனின் குரல் போனது.

ஒரு கட்டத்தில் முத்துமாரி டீ வாங்கப் போனாள். ஹோஸ் தரையில் கிடந்து வீணாக ஓடியது. வெங்கடரமணன் வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு அதை எடுத்தார். கிராவல் மேல் பிடித்தார்.

"ஜாஸ்தி மாமா. சேறாயிடும். பூ மாதிரித் தெளிங்கோ."

அவர் ஹோஸ் நுனியைக் கட்டை விரலால் அழுத்தினார். தண்ணீர் விசிறியாக விழுந்தது. செடிக்கு விடுவதுபோல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனார். போதும் என்று அவன் சொன்னதும் நிறுத்தினார். அடுத்த சாணுக்கும் அவரே விட்டார்.

பிற்பகலில் தரை மட்டத்துக்கு வந்தது. வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். நின்றது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரத்தூள் போட்ட இடத்திலேயே மிதந்தது. தண்ணீர் ஊறி வடிந்த பிறகு மண்ணாங்கட்டி கம்பியைத் தூக்கி விட்டான். விரல்கடை.

"இன்னொரு தடவை" என்றான் ஜெயராம்.

நங்கென்றது.

"மூலையில போடு."

அங்கேயும் நங்கென்றது. மண்ணாங்கட்டி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். "நாளைக்குக் காலைல விடிய ஊத்திடலாம் சார்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

முத்துமாரி செங்கல் அடுக்கின் மேலிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "சார், இட்லி காஞ்சிபூடப் போவுது. எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ."

"அது மாப்ளைக்கும்மா" என்றார் வெங்கடரமணன்.

"சார் எங்க பெரியவரே துன்றாரு? தெனமும் எனக்குத்தான குடுக்கிறாரு. தொடவே மாட்டாரு. உங்கூட்டம்மா கையில நல்லாதான் கீது இட்லி, பஞ்சு மேரி. எம் பொண்ணு காத்துக்கினு இருக்கும் சாய்ங்காலம்." சொன்ன பிறகுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. பையைச் செங்கல் மேலேயே வைத்துவிட்டு, "கைய களுவிக்கினு வர்றேன்" என்று போய்விட்டாள்.

சமையலறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ஈர மண்ணின் வாசனை. ஜன்னல் வைக்காத இடைவெளியில் சாய்ந்த வெயில் தரையில் விழுந்திருந்தது. அவள் கேட்ட மாதிரியே அறை வெளிச்சமாக இருந்தது.

"தினமுமா?" என்றார் வெங்கடரமணன்.

ஜெயராம் தலையசைத்தான்.

"நீங்க ஒரு ஈடு முழுக்கச் சாப்பிடுவேள்னு நீரஜா சொல்லுவாளே. அவருக்கு அரைச்சே எங் கிரைண்டர் தேயறதும்பா. மாமி அதனாலதான் மெனக்கெட்டு..." நிறுத்தினார். "ஏன் மாப்ளே?"

ஜெயராம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான். இறுக்கினான். கையைத் திறக்கவில்லை.

"அன்னிக்குக் காலம்பற ஜுரம் விட்டுடுத்து மாமா. ஜுரம் விட்டா சரியாயிடுத்துன்னு நெனச்சுண்டோம். மத்தியானம் எழுந்து அரைச்சா. வேண்டாம்னேன். நாலு நாளா பிரெட்டே தின்னுண்டிருக்கே, நாளைக்கு உனக்கு இட்லின்னா. சாயங்காலம் கண்ணு இருட்டறதுன்னு உக்காந்தா. அப்படியே ஆட்டோவுல போயிட்டோம்."

"ம்."

"நீங்க கெளம்பினப்பறம் நர்ஸெல்லாம் அவள மேல கொண்டு போனா. லிஃப்ட் வரலை. ஸ்ட்ரெச்சர்ல வெச்சுண்டு நின்னோம். கண்ணத் தொறந்தா. மாஸ்க்க ஒரு கையால வெலக்கினா. தெளிவா இருந்தா மாமா. மயக்கத்துல பேசற மாதிரி இல்லை."

வெங்கடரமணன் கையிலிருந்த ஹோஸைக் கீழே போட்டார். "சொல்லுங்கோ" என்றார்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே தள்ளினார்கள். அவனை நிற்கச் சொன்னார்கள். கதவு மூடும்வரை அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பேசவே இல்லை. அதற்கு முன்னால் சொன்னது அவ்வளவுதான். எந்த நாளிலும் சொல்கிற குரலில், ஏதோ கடைக்குக் கிளம்புகிறவள் மாதிரிச் சொன்னாள். அவன் அதை அதே குரலில் சொல்லப் பார்த்தான்.

"ஜெய், மாவு பொங்கிடும். ஆத்துக்குப் போனதும் எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சுடு."